மூன்றெழுத்துக் கட்டில்

சந்தோஷவிளையில் செம்மணல் மேடான தேரி உண்டு, தேரியின் ஓரத்தில் முருங்கைத் தோட்டங்கள் உண்டு, தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கோவில் உண்டு, கோவிலின் கோபுரத்தில் தெற்கு பார்த்து ஒரு கூம்பு ஒலிபெருக்கி உண்டு, அந்த ஒலிபெருக்கியின் வாய்க்கு நேர் எதிரே நவமணியின் வீடு உண்டு. இந்தக் கதைக்கு ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

கோவிலின் போதகர் எப்பிராயீம் ஐயர். அந்தப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். வடக்கே ஒரு பெரிய வேதக் கல்லூரியில் நான்கு வருஷம் எபிரேய மொழி படித்துத் தங்கப்பதக்கம் வாங்கியவர். பெயர் எப்பிராயீம், படித்தது எபிரேயம் என்பதால் ஊரார் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து 'எபிரேய ஐயர்' என்று ஆக்கிவிட்டார்கள். பிரசங்கத்தில் ஒரு முக்கியமான இடம் வரும்போது கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் ஓரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "மூல பாஷையிலே..." என்று தொடங்குவார். ஒரு பிரசங்கத்துக்குக் குறைந்தது ஆறு மூல பாஷை. வடக்குத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பலவேசம் கோவிலுக்கு வருகிறவர் அல்ல. ஒலிபெருக்கி தெற்கு பார்த்து இருந்ததால் அவர் கடைக்குப் பாதிச் சொல்தான் வந்து சேரும். வாரா வாரம் ஐயர் "மூலம், மூலம்" என்று ஊரறியச் சொல்வதைக் கேட்டு மனம் தாங்காமல், அவர் ஒரு நாள் ஐந்து கிலோ கருணைக்கிழங்கை ஐயர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். "மசியல் பண்ணிச் சாப்பிடச் சொல்லுங்கம்மா. உட்காரவே முடியாத எங்க சின்னய்யாவே இதுலதான் குணமானாரு." ஐயரின் மனைவி சுகிர்தா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, பிறகு மசியலும் வைத்தாள். நல்ல கிழங்கு.

அந்தக் கோவிலில் ஐயர் சொல்வதையெல்லாம் முழுதாகக் கேட்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் நவமணி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, ஐயர் மூச்சுவிட நிறுத்தும் இடத்தில் எல்லாம் "ம்" என்று சொல்வாள். கதை கேட்கிறவர்கள் சொல்வார்களே, அந்த "ம்". அது இல்லாவிட்டால் அடுத்த வாக்கியத்துக்கு எப்படிப் போவது என்று ஐயருக்குத் தெரியாது. ஆனால் அது அவருக்கே ஆகஸ்ட் மாதம் வரை தெரியாது.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை நவமணி சாம்பார்ச் சட்டியை இறக்கும்போது வழுக்கி விழுந்தாள். சாம்பார் சிந்தவில்லை, தொடை எலும்பு முறிந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்து, ஆறு வாரம் கழித்துப் பார்த்த டாக்டரம்மா, எலும்பு அருமையாகக் கூடிவிட்டது, இனிமேல் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டியதுதான் என்றார். ஆனால் நவமணி நடக்கவில்லை. முதல் தடவை காலைத் தரையில் வைத்தபோது தரை மறுபடி வழுக்குவதுபோல் இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எப்பிராயீம் ஐயர் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரசங்கத்தைச் செய்தார். வயதான யாக்கோபு தன் மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஆண்டவரைத் தொழுத இடம். புதிய ஏற்பாட்டில் இதைத் திரும்பச் சொல்லும்போது அவன் தன் கோலின்மேல் சாய்ந்து தொழுதான் என்று வருகிறது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ஆனால் மூல பாஷையிலே அது கோல் அல்ல, கட்டில்! கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து தொழுதான். எழுந்து நிற்க வேண்டும் என்று ஆண்டவர் கேட்கவில்லை. கட்டிலே அவனுக்குக் கோவில்!"

ஒலிபெருக்கி அதை ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் நேராக நவமணியின் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது.

அன்றிலிருந்து நவமணி பயந்தவளாக இல்லாமல் பக்தியுள்ளவளாக ஆகிவிட்டாள். கணவன் சாமுவேல்துரை கைத்தாங்கலாக எழுப்ப வந்தால், "மூல பாஷையில கட்டில்னுதான் போட்டிருக்கு" என்பாள். மகள் திருப்பூரிலிருந்து போன் பண்ணி அழுதால், "ஐயா சொன்னது ஒனக்குக் கேக்கலியா, கட்டில்" என்பாள். புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று, மழை வந்து போயிற்று. பள்ளிக்கூடத்தில் பதிலுக்கு வந்தவளின் சாம்பாரில் பிள்ளைகள் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். புது வருஷம் பிறந்ததும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஜனவரி முடியறதுக்குள்ள நடக்க ஆரம்பிக்கலேன்னா, அப்புறம் அந்தக் கால் யார் பேச்சையும் கேக்காது."

சாமுவேல்துரை தச்சு வேலை செய்கிறவன், அளந்து பேசுகிறவன். அன்று அளக்காமல் ஐயர் வீட்டுக்கு வந்தான்.

"ஐயா, நீங்கதான் அவள படுக்க வச்சிய. நீங்களே எழுப்பி விடுங்க. அது கட்டில் இல்ல, கோலுதான்னு ஒரு வார்த்த மைக்கில சொல்லிருங்க."

எப்பிராயீம் ஐயரின் முகம் வாடிவிட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் தங்கப்பதக்கம். "துரை, நான் எப்படிப் பொய் சொல்வேன்? எபிரேயத்தில் மெய்யெழுத்தை மட்டும்தான் வரியில் எழுதுவார்கள். உயிர், புள்ளியாகவும் கோடாகவும் எழுத்தின் காலடியில் இருக்கும். அந்த இடத்தில் இருப்பது மூன்றே எழுத்து. ஒரு மாதிரி புள்ளி வைத்தால் கட்டில், இன்னொரு மாதிரி வைத்தால் கோல். பழைய பண்டிதர்கள் கட்டிலுக்குத்தான் புள்ளி வைத்திருக்கிறார்கள்."

"புள்ளியா?" சாமுவேல்துரை எழுந்து நின்றான். "ஒரு புள்ளிக்கா எம்பொண்டாட்டி நாலு மாசமா படுத்துக் கெடக்கா? அந்தப் புள்ளியக் கொஞ்சம் தட்டி விடக் கூடாதாய்யா?"

"புள்ளியைத் தட்டக் கூடாது, துரை. அது வேதம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, மழையில் ஈரம் ஏறிய புத்தகங்களைச் சுகிர்தா முற்றத்தில் நாற்காலி போட்டு வெயிலில் விரித்து வைத்தாள். நடுவில் ஐயரின் பெரிய எபிரேய வேதபுத்தகம் இருந்தது. பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குத் தேரியிலிருந்து ஒரு காற்று வந்தது. அது புத்தகத்தைப் புரட்டிற்று, முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை ஒவ்வொரு தாளாக நின்று புரட்டிற்று, புரட்டிய தாளிலிருந்தெல்லாம் புள்ளிகள் எழுந்தன. முறத்தில் புடைக்கும்போது எள் எழும்புவதுபோல் எழுந்து, முற்றத்துக்கு மேலே ஒரு கூட்டமாகக் கொஞ்சம் யோசித்து நின்று, பிறகு தெருப் பக்கம் போய்விட்டன. ஐயர் சவரம் பாதி செய்த முகத்தோடு வெளியே ஓடி வந்தார்.

"என்னங்க, ஒங்க புஸ்தகத்துல இருந்து கடுகு மாதிரி என்னமோ பறந்து போகுது" என்றாள் சுகிர்தா. கையில் இருந்த கொடிக் கிளிப்பைப் பார்த்தாள். "காயப் போடும்போதே கிளிப்பு குத்தியிருக்கணும்."

பறந்த புள்ளிகளுக்கு உட்கார இடம் வேண்டும். புள்ளிக்குத் தெரிந்த இடம் எழுத்துதான். சந்தோஷவிளையில் இருந்தது தமிழ் எழுத்து. எபிரேயத்தில் காலடியில் கிடந்த புள்ளிகள் தமிழில் தலைமேல் ஏறி உட்கார்ந்தன. அங்கேதான் சங்கடம் வந்தது. எபிரேயத்தில் புள்ளி வைத்தால் மெய்க்கு உயிர் வரும். தமிழில் புள்ளி வைத்தால் இருக்கிற உயிர் போய் வெறும் மெய் ஆகிவிடும். புள்ளிகளுக்கு இது தெரியாது. ஆனால் அவை மரியாதை தெரிந்த புள்ளிகள். எந்தச் சொல்லுக்கும் முதல் எழுத்தில் அவை உட்காரவில்லை. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்று யாரோ அவற்றுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வீடுகளில் இருந்த தமிழ் வேதபுத்தகங்களிலும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அதற்கு வேறு காரணம். அன்று செவ்வாய்க்கிழமை, அவை எல்லாமே மூடியிருந்தன.

சந்தோஷவிளைக்காரர்களுக்கு நூறு வருஷமாகப் பள்ளிக்கூடம் இருக்கிறது. எழுதியதை எழுதியபடி வாசிப்பது அவர்களுக்கு மானப் பிரச்சினை. அதனால் எழுத்து மாறியதும் ஊரும் மாறிக்கொண்டது.

முதலில், சாலை முக்கில் இருந்த ஊர்ப் பலகை. 'ஷ'வின் மேல் புள்ளி விழுந்து அது 'சந்தோஷ்விளை' ஆகிவிட்டது. பதினொரு மணிப் பேருந்தின் நடத்துனர் எட்டிப் பார்த்து, "யாருப்பா அந்த சந்தோஷ்? ஊரையே வாங்கிட்டாரா?" என்றார். இறங்கியவர்களுக்குத் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. "வெளியூர்ல இருக்காரு" என்றார் ஒருவர். "மும்பையில" என்றார் இன்னொருவர். மேலத்தெருக்காரர்கள் அவரைக் கீழத்தெருவுக்குச் சொந்தம் என்று நினைத்தார்கள், கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவுக்கு. வாரக் கடைசிக்குள் சந்தோஷ் நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர், கல்யாணம் ஆகாதவர் என்றெல்லாம் முடிவாகிவிட்டது. ஒரு அம்மா தன் மகளின் ஜாதகம்போல அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழை நகல் எடுத்து வைத்துக்கொண்டு அவர் முகவரி கேட்டு அலைந்தாள்.

அடுத்து, பலவேசத்தின் கடை. பெயர்ப் பலகையில் இரண்டு புள்ளி விழுந்து 'பல்வேசம் பல்சரக்குக் கடை' என்று நின்றது. முதல் நாள் பலவேசம் ஏணி வைத்து ஏறிச் சுரண்டிப் பார்த்தார். புள்ளி நகர்ந்து உட்கார்ந்ததே தவிரப் போகவில்லை. இரண்டாம் நாள் நான்கு பேர் பல்பொடி கேட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் அவர் பருப்பு மூட்டைகளைப் பின்னால் தள்ளி, முன்னால் பல்பொடி, வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, விதவிதமான பிரஷ் எல்லாம் அடுக்கினார். நான்காம் நாள் எங்கிருந்தோ ஒரு கட்டுப்பல் வரிசையை வாங்கி வந்து, மாதிரிக்காக அரிசி டப்பாவின் மேல் வைத்தார். அரிசி வாங்க வந்தவர்கள் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்கள் நலவாழ்வு' என்று இருந்தது 'மக்கள் நல்வாழ்வு' ஆயிற்று. செவிலியரம்மா அதைத் தள்ளி நின்று இரண்டு தடவை வாசித்து, இதுவே நன்றாக இருக்கிறது, யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பெரிய காரியம் மேலத்தெருக் கல்யாணம்தான். அச்சாகி வந்த மணவிழா அழைப்பிதழ்கள் காற்று வந்தபோது மேசையில் பரப்பி இருந்தன. எல்லாவற்றிலும் அது 'மண்விழா' ஆகிவிட்டது; மணமகன் மண்மகன், மணமகள் மண்மகள். மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. அழைப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் போக வேண்டும் என்று ஊர் பேசி முடித்தது. விருந்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் தங்கள் நிலத்து மண்ணைக் கொண்டுவந்தார்கள்; தேரிச் செம்மண், குளத்துக் கரம்பை, வாய்க்கால் வண்டல், ஒருவர் தொட்டியோடு ரோஜாச் செடி. மாப்பிள்ளை வீட்டார் விவசாயக் குடும்பம். ஆறு வண்டி மண்ணைப் பார்த்ததும் சம்பந்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பந்தியில் சந்தோஷுக்கு என்று ஓர் இலை போட்டிருந்தது. அவர் வரவில்லை, பாயசத்தைப் பக்கத்து இலைக்காரர் பார்த்துக்கொண்டார்.

இந்தக் கொண்டாட்டத்தில் எல்லாம் எப்பிராயீம் ஐயர் இல்லை. அவர் ஒரு கண்ணாடிப் புட்டியும் கோழி இறகும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் புள்ளி பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். ஒன்றும் அகப்படவில்லை, கிட்டே போனால் பக்கத்து எழுத்துக்கு மாறிக்கொண்டன. மாலையில் வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறப்பார். வரிக்கு வரி வெறும் மெய். ஊத மூச்சில்லாத புல்லாங்குழல் மாதிரி இருந்தது. மனப்பாடமாகத் தெரியும் என்று நினைத்திருந்த இடங்கள்கூட இப்போது இரண்டு வாசலோடு நின்றன. இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம். இத்தனை வருஷமாக எழுத்தை வாசிக்கவே இல்லை, புள்ளியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சுகிர்தாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஞாயிறு அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. பிரசங்கம் இருபது நிமிஷம் முன்னால் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை பலவேசம் வழியில் நிறுத்தினார். "நேத்து ஒரு தடவகூட மூலம்னு சொல்லலியே, ஐயா. சரியாயிட்டா?"

"போய்விட்டது, பலவேசம்" என்றார் ஐயர்.

"அதான் கருணைக்கிழங்கு."

நவமணிக்கு ஊரில் நடப்பதெல்லாம் கட்டிலுக்கே வந்து சேர்ந்தது. அவளும் மண்விழாவுக்கு ஒரு செம்பு மண் கொடுத்தனுப்பியிருந்தாள். ஆனால் ஐயர் மூல பாஷை சொல்லாத ஞாயிற்றுக்கிழமை அவளைத் தொந்தரவு செய்தது. அன்று ஒலிபெருக்கியில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விழுந்தது, அந்த இடைவெளியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் கட்டிலில் இருந்தபடியே "ம்" என்று சொல்லிப் பார்த்தாள். அது கோவிலுக்குப் போகவில்லை. ஒலிபெருக்கி ஒரு பக்கமாகத்தான் பேசும்.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி காலை அவள் ஆள் அனுப்பினாள். புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லி.

ஐயர் வந்தார். சாமுவேல்துரை கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுவிட்டு, உளிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தான். அந்தக் கட்டில் கல்யாணத்துக்கு அவனே செய்தது. தேக்கு, தலைமாட்டின் உச்சியில் உருண்டையாகக் கடைந்த ஒரு நீளச் சட்டம்.

"அந்த எடத்த எடுங்க, ஐயா" என்றாள் நவமணி.

எடுத்தார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எது?"

"இந்த மூன்று எழுத்து. வலமிருந்து இடம்."

"மூணே மூணா? இதுலதான் நான் நாலு மாசம் படுத்திருக்கேனா?" அவள் விரலால் அளந்தாள். அரை அங்குலம்கூட இல்லை. "கட்டில்னா எப்பிடிச் சொல்லணும்?"

"மித்தா."

"மெத்தை மாதிரி இருக்கு. கோலுன்னா?"

"மத்தே."

"அட, மத்து! மோர் கடையிற மத்து. தமிழ்தானய்யா இது, இதுக்கா நாலு வருஷம் படிச்சிய?"

"அது தற்செயல், நவமணியம்மா. ஓசை மட்டும்தான்—"

"சரி, சரி. இப்போ என்ன போட்டிருக்கு? மெத்தையா, மத்தா?"

எப்பிராயீம் ஐயர் வாயைத் திறந்தார். கட்டில் என்று சொல்லத்தான் திறந்தார். பண்டிதர்கள் அப்படிக் குறித்திருந்தார்கள், தங்கப்பதக்கம் அப்படிச் சொல்லிற்று. வாசலில் சாமுவேல்துரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோல் என்று சொல்லிவிடலாம்; இப்போது அதைப் பொய் என்று காட்டப் புள்ளி இல்லை. அவர் அந்த மூன்று எழுத்தையும் பார்த்தார். அவை அவரைப் பார்த்தன.

"தெரியாது" என்றார்.

அந்த ஊருக்கு வந்து ஏழு வருஷத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றுதான். சொன்ன பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒங்களுக்கே தெரியாதா?"

"இங்கே இருப்பது மெய் மட்டும்தான், அம்மா. ஆதியில் எல்லாரும் இப்படித்தான் வாசித்தார்கள். உயிரை வாசிக்கிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். பண்டிதர்கள் போட்டார்கள், அதை நான் வாங்கி உங்கள்மேல் போட்டுவிட்டேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்கள் இல்லாமல் எனக்குப் பிரசங்கம் வரமாட்டேன் என்கிறது. 'ம்' சொல்ல ஆள் இல்லை. ஆனால் அதற்காகக் கோல் என்று சொல்லவும் மாட்டேன். தெரியாததைத் தெரியும் என்று ஒரு தடவை சொன்னதே போதும்."

நவமணி கட்டில் சட்டத்தைக் கையால் பிடித்துப் பார்த்தாள். நான்கு மாதமாக அந்தக் கட்டிலை அவளுக்குக் கீழே தாங்கி நின்றது தேக்குக் கால்கள் அல்ல, ஐயருடைய நிச்சயம்தான். அது இப்போது போய்விட்டது, அவள் விழவில்லை.

"தரை வழுக்குது, ஐயா" என்றாள் மெதுவாக. "அதான் விஷயம். மூல பாஷையெல்லாம் ஒண்ணுமில்ல. காலை வச்சா வழுக்குது."

சாமுவேல்துரை வாசலில் இருந்தபடியே தலையைத் திருப்பினான். அவன் இதை முதல் தடவையாகக் கேட்கிறான்.

"இந்தாங்க" என்றாள் அவனைப் பார்த்து. "இதுல ரெண்டுக்கும் எடம் இருக்குன்னுல்லா ஐயா சொல்லுதாவ. எனக்கு ரெண்டும் வேணும். இந்தத் தலைமாட்டுச் சட்டத்தக் கழட்டுங்க."

"கட்டில் போயிருமே, நவமணி."

"கழட்டுங்கன்னா."

அவன் கழற்றினான். ஆணி அடிக்காமல் துளையில் பொருத்திச் செய்த வேலை. முளைக்குச்சியைத் தட்டினால் சட்டம் தானாகக் கையில் வந்தது. அவள் நெஞ்சு உயரம் இருந்தது. ஒரு நுனியில் மட்டும் அவன் பழைய சைக்கிள் டயரிலிருந்து ஒரு வட்டம் வெட்டி மாட்டினான், தரையில் வழுக்காமல் இருக்க. ஐயர் ஒரு பக்கம், துரை ஒரு பக்கம். நவமணி காலை வைத்தாள். தரை வழுக்கப் பார்த்தது. கோல் அதைப் பிடித்துக்கொண்டது. அவள் இரண்டு கையையும் கோலின் தலைமேல் வைத்து, கையின் மேல் நெற்றியை வைத்து, வலியில் அப்படியே சாய்ந்து நின்றாள். உதடு அசைந்தது. அவள் தொழுதாளா, தச்சனைத் திட்டினாளா என்று ஐயருக்குக் கேட்கவில்லை. கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு அன்று தோன்றவும் இல்லை.

பிறகு மூன்று எட்டு வைத்தாள். எழுத்துக்கு ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் நவமணி கோலை ஊன்றி வீட்டிலிருந்து புறப்பட்டாள். வீட்டிலிருந்து கோவிலுக்கு நேர்வழி இரண்டு நிமிஷம். ஆனால் அவள் ஊர் சுற்றிப் போவது என்று முடிவு செய்திருந்தாள். அவள் கோல் தரையைத் தட்டிய தெருவில் எல்லாம் எழுத்துகளின் தலையிலிருந்து புள்ளிகள் எழுந்தன. சாலை முக்கில் ஒரு தட்டு; சந்தோஷ் போய்ச் சந்தோஷம் வந்தது. மும்பைக்காரரின் முகவரி கேட்டு அலைந்த அம்மா மட்டும் ஒரு பெருமூச்சு விட்டாள். வடக்குத் தெருவில் பலவேசம் கடையிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

"அக்கா, அக்கா! மெதுவா ஊனுங்க! பிரஷ் இன்னும் ரெண்டு பெட்டி கெடக்கு!"

"தம்பி, எனக்கும் பல்லு ஆடுது. ஒண்ணு எடுத்து வையி, வரும்போது வாங்கிக்கிடுதேன்" என்றாள் நவமணி, ஒரு தட்டுத் தட்டி. சுகாதார நிலையத்தின் முன்னால் செவிலியரம்மா கையைக் கூப்பி நின்றதால் அங்கே மட்டும் அவள் கோலைத் தூக்கிக்கொண்டு கடந்தாள். அந்தப் புள்ளி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

புள்ளிகள் அவள் பின்னாலேயே ஒரு கூட்டமாக வந்து, கோவிலுக்குள் நுழைந்து, பிரசங்க மேடையில் திறந்திருந்த புத்தகத்தில் எறும்பு சாரை போவதுபோல வரிவரியாக இறங்கின. ஐயர் அவற்றைக் கவனிக்கவில்லை. அவர் மூன்றாவது வரிசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் அன்று உண்மையிலேயே துடைக்க வேண்டியிருந்தது.

"மூல பாஷையிலே..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"ம்" என்றாள் நவமணி.

"...எனக்கு நிச்சயமாகத் தெரியாத ஒரு சொல் இருக்கிறது" என்றார் ஐயர். சபையார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் பிரசங்கத்தில் யாரும் அப்படி உட்கார்ந்தது கிடையாது. வடக்குத் தெருவில் பலவேசம் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு, "மூலம் மறுபடி வந்துட்டே!" என்று கிழங்கு மூட்டையைத் தேடிப் போனார்.

எல்லாப் புள்ளிகளும் தத்தம் இடத்துக்கு வந்தன, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்த மூன்றெழுத்தின் புள்ளிகள் மட்டும் ஓரத்து வெள்ளையில் வந்து உட்கார்ந்துகொண்டு உள்ளே போக மறுத்தன. ஐயரும் தள்ளவில்லை.

மாசி மாதம் அவருடைய பழைய கல்லூரி ஆசிரியர் அந்தப் பக்கம் வந்தவர், புத்தகத்தைப் புரட்டி அந்த இடத்தில் விரலை வைத்தார். "என்ன எப்பிராயீம், இங்கே புள்ளியைக் காணோம்? இது கட்டில் அல்லவா?"

"வாருங்கள் சார், கேட்டு வரலாம்" என்று அவரைத் தெற்குத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார் ஐயர்.

நவமணி அப்போதுதான் மாலை நடையாக ஊரைச் சுற்றிவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளுக்குச் சாம்பாரில் முகம் தெரிவது நின்று ஒரு வாரம் ஆகிவிட்டது. சாமுவேல்துரை அவள் கையிலிருந்து கோலை வாங்கி, டயர் வட்டத்தைக் கழற்றி, தலைமாட்டுத் துளையில் பொருத்தப் போனான். ஒரு நுனி உள்ளே போய்விட்டது. மறு நுனி இன்னும் அந்தரத்தில் நின்றது.

ஆசிரியர் அதை ஒரு பக்கமிருந்து பார்த்தார், மறு பக்கமிருந்து பார்த்தார். "அம்மா, இது கட்டிலா, கோலா?"

"மணி எத்தன இப்போ?" என்று கேட்டாள் நவமணி.

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறேகால்."

"அப்போ கட்டில்" என்றாள் அவள். சாமுவேல்துரை மறு நுனியைத் தட்டி உள்ளே இறக்கினான்.